டேலி சர்வர் இணையத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஃபயர்வால் வாங்கினால் போதுமா?

வாசகர் கேள்வி: சார், வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் என் தலையில்தான். ஆபீஸ், கட்டிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து இருபது கம்ப்யூட்டருக்கு மேல் இருக்கும். கணக்கு மென்பொருளான டேலி ஒரு சர்வரில் ஓடுகிறது. நான் வீட்டிலிருந்தும், ஆடிட்டர் கோவையிலிருந்தும் அதில் வேலை பார்ப்பதற்காக ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கி, தூரத்திலிருந்தே சர்வரில் வேலை பார்க்க விடும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து விட்டிருக்கிறார்கள். முதலாளி கேமராவை மொபைலில் பார்ப்பார். போன வாரம் சர்வர் மெதுவாக ஓடுகிறதே என்று பார்த்தால், செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண்ணோடு ஆயிரக்கணக்கில் வரிகள். கம்ப்யூட்டர்காரர், 'போர்ட் நம்பரை (இணைப்பு வரும் கதவின் எண்) மாற்றிவிடலாம், பாஸ்வேர்டைப் பெரிதாக வையுங்கள், போதும்' என்கிறார். இன்னொருவர், வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வால் என்ற பெட்டியை வாங்கச் சொல்லி விலை கொடுத்திருக்கிறார். முதலாளியோ, 'நம்மை யார் பார்க்கப் போகிறார்கள், இவ்வளவு செலவு தேவையா' என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

பதில்: வணக்கம். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம். இன்று மாலை ஆபீஸை மூடுவதற்கு முன் ரவுட்டருக்குள் போய், ரிமோட் டெஸ்க்டாப்புக்காகப் போட்டிருக்கும் போர்ட் ஃபார்வர்டிங் வரியை (வெளியிலிருந்து வருவதை நேராகச் சர்வருக்கு அனுப்பும் விதி) நீக்கிவிடுங்கள். சில நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாது, ஆடிட்டரும் கோபிப்பார். பரவாயில்லை. சர்வரில் உள்ளதை எல்லாம் ஒருவன் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால், அந்தச் சில நாள் வாரக்கணக்காகிவிடும். ஜிஎஸ்டி தாக்கல், ஷிப்மென்ட் பில், சனிக்கிழமை ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளக் கணக்கு எல்லாம் அந்த ஒரு பெட்டியில்தானே இருக்கிறது.

நீங்கள் பார்த்த 4625 என்பது, உள்ளே நுழைய முயன்று தோற்ற ஒவ்வொரு முறைக்கும் விண்டோஸ் எழுதி வைக்கும் பதிவு. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டேலி, அக்கவுண்ட்ஸ் என்று பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு, கூடவே ஒரு பாஸ்வேர்டு பட்டியலை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சர்வர் மெதுவானதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்குக் கவலை 4624 மேல்தான். அது வெற்றி பெற்ற நுழைவு. அதை எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் முதலாளியின் கேள்வி நியாயமானது, அதற்கு மரியாதையாகவே பதில் சொல்ல வேண்டும். திருப்பூரில் இன்னார் பனியன் கம்பெனி இருக்கிறது, அதைத் தாக்குவோம் என்று யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. இப்போது பெரும்பாலும் புழங்கும் வகை ஐபி முகவரிகள் உலகம் முழுக்கச் சுமார் 430 கோடிதான். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் வெளியிட்ட ஸீமேப் என்ற மென்பொருள், ஒரே ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு கிகாபிட் இணைப்பையும் வைத்துக்கொண்டு, இந்த முகவரிகள் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஷோடன் என்ற தேடுதளம், இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைப் பட்டியல் போட்டுத் தந்துகொண்டிருக்கிறது. உங்கள் ஸ்டாட்டிக் ஐபிக்குப் பின்னால் இருப்பது வங்கியா பனியன் கம்பெனியா என்பது தட்டுகிற மென்பொருளுக்குத் தெரியாது, அதற்கு அது தேவையும் இல்லை. கதவு திறந்த பிறகுதான் ஒரு மனிதன் வந்து, உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு கேட்கலாம் என்று பார்ப்பான். முதலாளியிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர்காரர் சொன்ன முதல் யோசனை ஏன் போதாது என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான எண் 3389. அதை 3390 என்றோ 45000 என்றோ மாற்றினால் பதிவில் விழும் வரிகள் சில நாள் குறையும். மனசுக்கும் நிம்மதியாக இருக்கும். மொத்தம் 65,535 எண்கள்தான். எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பது அவர்களுக்குப் பெரிய வேலையில்லை. தட்டியதும் உங்கள் சர்வர், தான் ரிமோட் டெஸ்க்டாப் என்று தானாகவே சொல்லிவிடும்.

பெரிய பாஸ்வேர்டு நல்லதுதான், வையுங்கள். ஆனால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடும் ஓட்டைகள் உண்டு. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே அப்படி ஒன்று வெளிவந்தது. புளூகீப் என்று பெயர். விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆகியவற்றில் அது இருந்தது. ஆதரவு முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்த எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம். அடுத்த ஓட்டை எந்த மாதம் வரும் என்று யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து யாருமே தொட முடியாத இடத்தில் சர்வர் இருந்தால், திருத்தம் போட உங்களுக்கு நாலு நாள் அவகாசமாவது கிடைக்கும். நான் உங்களுக்குச் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்: உங்கள் கம்பெனிக்குள் இருக்கும் எந்தக் கருவியையும் இணையத்திலிருந்து நேராகத் தொட முடியக் கூடாது. சர்வர், கேமரா, விரல்ரேகை வருகைப்பதிவு மெஷின், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வெளியே இருப்பவர் உள்ளே வர ஒரே ஒரு வழி, அந்த வழியில் வருபவர் யார் என்பதற்கு அத்தாட்சி. எந்தப் பெட்டியை எவ்வளவு கொடுத்து வாங்குவது என்பதெல்லாம் இதற்கு அடுத்த கேள்வி.

அந்த ஒரே வழி விபிஎன். வெளியே இருக்கும் கம்ப்யூட்டரைப் பூட்டிய இணைப்பு ஒன்றின் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கும் ஏற்பாடு அது. உங்கள் அளவு கம்பெனிக்கு நான் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைச் சொல்வேன். இலவசம். 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிலேயே சேர்த்துவிட்டார்கள். மைக்ரோடிக் ரவுட்டர்களில் 7ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது, சரியான சாவி (ரகசியக் குறியீடு) இல்லாமல் தட்டினால் அது பதிலே சொல்லாது. 'இல்லை' என்றுகூடச் சொல்லாது. தட்டிப் பார்க்கும் மென்பொருளுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் லேப்டாப்புக்கு ஒரு சாவி, ஆடிட்டருக்கு ஒன்று, முதலாளியின் மொபைலுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். ஒரே சாவியை எல்லோருக்கும் கொடுக்கவே கூடாது. லேப்டாப் தொலைந்தாலோ ஆள் வேலையை விட்டுப் போனாலோ அந்த ஒரு சாவியை மட்டும் நீக்கினால் போதும். விபிஎன் இணைந்த பிறகு வழக்கம்போல ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து டேலியில் வேலை பார்க்கலாம். ஸ்டாட்டிக் ஐபிக்குக் கொடுத்த பணமும் வீணாகாது, வயர்கார்டுக்கு அது உதவும்.

இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கும். உங்கள் வீட்டு ரவுட்டரும் அதையே கொடுக்கும். விபிஎன் இணைந்துவிட்டது என்று காட்டும், சர்வர் மட்டும் கிடைக்காது. ஏனென்றால் உங்கள் லேப்டாப் அந்தச் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஆபீஸ் முகவரியை 10.37.20 போல வீடுகளில் புழங்காத ஒன்றாக முதலிலேயே மாற்றிவிட்டு அதன் பிறகு விபிஎன் போடச் சொல்லுங்கள். பிரிண்டர்களுக்கும் டேலி சர்வருக்கும் முகவரி மாற்ற வேண்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இதைச் செய்யாமல் விட்டால், 'விபிஎன் சரிவரவில்லை' என்று யாராவது பழைய வழியை மறுபடி திறந்துவிடுவார்கள்.

முதலாளி, 'உள்ளே இருப்பவை எல்லாம் 192.168 முகவரிகள்தானே, அவற்றை வெளியிலிருந்து யாராலும் எட்ட முடியாதே' என்று கேட்டால், பாதி சரி. அந்த முகவரிகளை 1996லேயே தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள், இணையத்தில் அவை செல்லாது. ஆனால் போர்ட் ஃபார்வர்டிங் என்பதே அந்தத் தடையைத் தாண்டி உள்ளே அனுப்பும் ஏற்பாடு. அதோடு யூபிஎன்பி என்ற வசதி ரவுட்டரில் இயங்கினால், கேமரா படங்களைப் பதியும் டிவிஆர் போன்ற கருவிகள் உங்களைக் கேட்காமலே தாங்களாக வழியைத் திறந்துகொள்ளும். அதை அணைத்துவிடுங்கள். இப்போது பல நெட் நிறுவனங்கள் ஐபிவி6 என்ற புதுவகை முகவரியும் சேர்த்தே தருகின்றன. அதில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இணையத்தில் செல்லுபடியாகும் சொந்த முகவரியே கிடைத்துவிடும். ரவுட்டரில் ஐபிவி6க்கான ஃபயர்வால் இயங்குகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை என்றால், ஆபீஸில் இப்போதைக்கு ஐபிவி6ஐ அணைத்து வைப்பதில் தவறில்லை.

சரி, ஃபயர்வால். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை மாட்ட வருபவர் முதலில் என்ன கேட்பார் தெரியுமா? 'இப்போது எந்தெந்தப் போர்ட் திறந்திருக்கிறது?' என்பார். நீங்கள் பட்டியல் கொடுப்பீர்கள். எல்லாம் முன்பு போலவே ஓட வேண்டுமே என்று அதே பட்டியலைப் புதுப் பெட்டியிலும் எழுதிவிட்டுப் போவார். விலையுயர்ந்த பெட்டி வந்துவிடும். யார் வேண்டுமானாலும் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பைத் தட்டலாம் என்ற விதியும் அப்படியே அதற்குள் குடியேறியிருக்கும். வாங்குவதற்கு முன்பே அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வெளியிலிருந்து உள்ளே எதுவும் திறக்கப்படாது, விபிஎன் தவிர. அதை ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம்.

இன்னொன்று, அந்தப் பெட்டிகளுக்கு ஆண்டுச் சந்தா உண்டு. முதல் வருஷ விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் மூன்று வருஷத்துக்குக் கேளுங்கள். சந்தா முடிந்ததும் பெட்டி ஓடும், புதுப்பிப்புகள் நின்றுவிடும். புதுப்பிக்காத ஃபயர்வால், ஃபயர்வால் இல்லாததைவிட ஆபத்தாகிவிடலாம், ஏனென்றால் இணையத்தைப் பார்த்து நிற்பது அதுதான். ஃபோர்டிநெட் நிறுவனத்தின் கருவிகளில் விபிஎன் பகுதியில் இருந்த ஓர் ஓட்டைக்கு 2019லேயே திருத்தம் வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்டவர்களும், போட்ட பிறகு பாஸ்வேர்டை மாற்றாதவர்களும் இருந்தார்கள். 2021 செப்டம்பரில் சுமார் 87,000 கருவிகளின் விபிஎன் கணக்கு விவரங்கள் வெளியாயின. உங்களுக்கு இப்போது அவ்வளவு செலவு செய்ய முடியாது என்றால், விபிஎன் வசதியுள்ள ஒரு நல்ல ரவுட்டரும், விஎல்ஏஎன் (ஒரே நெட்வொர்க்குக்குள் போடும் தனித்தனிப் பிரிவு) பிரிக்கக்கூடிய ஒரு சுவிட்சும் வாங்கி, அவற்றைச் சரியாக அமைக்கத் தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுங்கள். பெட்டியைவிட அந்தக் கூலிதான் பயன்தரும் என்பது என் கருத்து.

விஎல்ஏஎன் எதற்கு என்றால், இப்போது உங்கள் கம்பெனியில் எல்லாம் ஒரே நெட்வொர்க். பேக்கிங்கில் ஒருவர் தவறான மெயிலைத் திறந்தால் அங்கிருந்து டேலி சர்வர் வரை தடையில்லை. 2017 மே 12 அன்று வன்னாக்ரை என்ற நச்சு மென்பொருள் உலகம் முழுக்கப் பரவியது இப்படித்தான். விண்டோஸ் கோப்புப் பகிர்வின் 445 போர்ட் வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ஆம் தேதியே வந்திருந்தது. கட்டிங் செக்‌ஷனில் மார்க்கர் (துணியில் வெட்ட வேண்டிய வடிவங்களின் அமைப்பு) போடும் கேட் (CAD) மென்பொருள் ஓடும் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் உங்களிடமும் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மென்பொருளின் உரிமத்துக்காகச் செருகும் டாங்கில் புது விண்டோஸில் வேலை செய்யாது என்பதால் பல கம்பெனிகளில் அதைத் தொடுவதில்லை. 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7க்கான ஆதரவு முடிந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இணையமே வேண்டாம். மார்க்கரை அச்சிடும் பிளாட்டரோடு மட்டும் பேசட்டும், கோப்புகளை ஆபீஸிலிருந்து ஒரு குறிப்பிட்ட கம்ப்யூட்டர் மட்டும் அதற்கு அனுப்பட்டும்.

கேமராக்களும் வருகைப்பதிவு மெஷினும் ஒரு பிரிவு, ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஒரு பிரிவு, சர்வர் தனி, பையர் வந்தால் கொடுக்கும் வைஃபை முற்றிலும் தனி. சர்வரில் பிரவுசர் திறந்து எதையும் தேடுவதும் மெயில் பார்ப்பதும் வேண்டாம்; இ-இன்வாய்ஸும் இ-வே பில்லும் டேலியிலிருந்தே போகிறது என்றால் அதற்குத் தேவையானதை மட்டும் வெளியே விடலாம்.

கேமரா விஷயத்தில் முதலாளி கொஞ்சம் அடம்பிடிப்பார் என்று தோன்றுகிறது. மிராய் என்ற நச்சு மென்பொருளின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். 2016ல் அது கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது, கம்பெனியிலிருந்து வரும்போதே இருந்த அறுபதுக்குச் சற்று அதிகமான பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு. அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குக் கிடைக்காமல் போயின. கேமரா போட்டவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டை மாற்றுங்கள், டிவிஆருக்கான போர்ட் ஃபார்வர்டிங்கை எடுங்கள். முதலாளி மொபைலில் விபிஎன்னைத் தொட்டு இணைத்துவிட்டுப் பார்க்கட்டும். ஒரு தொடுதல் கூடுதல், அவ்வளவுதான்.

வெளியாட்களின் வழிகளையும் எண்ணிப் பாருங்கள். கம்ப்யூட்டர்காரர் அவசரத்துக்கு என்று சர்வரில் எனிடெஸ்க் என்ற ரிமோட் மென்பொருளைப் போட்டு, ஆள் இல்லாமலே நுழையும்படி பாஸ்வேர்டு வைத்திருப்பார். அதை எடுத்துவிடுங்கள், வேலை இருக்கும்போது நீங்கள் திறந்து கொடுங்கள். அமெரிக்காவில் டார்கெட் கடைகளிலிருந்து 2013 கடைசியில் நான்கு கோடி கார்டு விவரங்கள் திருடு போனபோது, திருடர்கள் நுழைந்தது குளிர்சாதன வேலை செய்யும் ஒரு ஒப்பந்ததாரருக்குக் கொடுத்திருந்த கணக்கின் வழியாக. 2021 மே மாதம் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் எரிபொருள் குழாயையே நிறுத்த வேண்டி வந்ததற்கு, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாயிற்று. பாஸ்வேர்டைத் தவிர வேறு சோதனை அதற்கு இல்லை. வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசர், பழைய அக்கவுண்டன்ட் ஆகியோரின் கணக்குகள் உங்கள் சர்வரில் இன்னும் இருக்கின்றனவா?

இப்போது நான் தள்ளிப் போடாதீர்கள் என்று சொன்ன வேலைக்கு வருகிறேன். வழியை மூடியதும், ஏற்கெனவே யாராவது உள்ளே வந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். விண்டோஸிலேயே உள்ள ஈவன்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவைத் திறந்து 4624ஐ வடிகட்டுங்கள். அதில் லாகான் டைப் 10 என்று இருப்பவை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தவை. நீங்களும் ஆடிட்டரும் வேலை பார்க்காத நேரத்தில், நள்ளிரவில், அறிமுகமில்லாத ஐபியிலிருந்து ஒரு வரி இருந்தாலும் விஷயம் பெரியது. 4720 என்றால் புதுக் கணக்கு ஒன்று உருவாகியிருக்கிறது. அதை உருவாக்கியது நீங்களா? 1102 என்றால் யாரோ பதிவையே அழித்திருக்கிறார்கள். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் யார் யார் பெயர் இருக்கிறது, டாஸ்க் ஷெட்யூலரில் தெரியாத வேலை ஏதாவது ஓடுகிறதா, நீங்கள் போடாத ரிமோட் மென்பொருள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவில் இடம் குறைவு என்றால் பழைய வரிகள் தானாக அழிந்துகொண்டே போகும். இத்தனை 4625 வந்து விழும் சர்வரில் அது சீக்கிரமே நடக்கும், அதனால் இன்றைக்கே பதிவைத் தனிக் கோப்பாகச் சேமித்துவிட்டு, அளவையும் கூட்டி வையுங்கள்.

சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால் சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். அணைக்க வேண்டாம், ஃபார்மேட் செய்யவும் வேண்டாம். நடந்ததைக் கண்டுபிடிக்கத் தேவையான தடயங்கள் போய்விடும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட ஊடுருவல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமான விதி அல்ல. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள்.

பேக்கப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. சர்வரிலேயே எப்போதும் செருகியிருக்கும் ஹார்டு டிஸ்க் என்றால், சர்வரைப் பூட்டுகிறவன் அதையும் சேர்த்தே பூட்டுவான். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை அதிலிருந்து டேலி டேட்டாவை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய வவுச்சர் வருகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, ஆபீஸ் நெட்டிலிருந்து வெளியே வந்து, மொபைல் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்து, என்மேப் மென்பொருளால் உங்கள் ஸ்டாட்டிக் ஐபியை மட்டும் எல்லாப் போர்ட்டிலும் தட்டிப் பாருங்கள். எதுவும் திறந்திருப்பதாகக் காட்டக் கூடாது. நெட்காரர் வந்து ரவுட்டரை மாற்றிவிட்டுப் போன நாளிலும், கேமரா சர்வீஸ் நடந்த நாளிலும் இதை மறுபடி செய்யுங்கள். 4624 வரிகளில் புரியாதது இருந்தால், தேதி, நேரம், லாகான் டைப் மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கம்பெனி பெயர், உங்கள் ஐபி, பாஸ்வேர்டு எதையும் அதில் எழுத வேண்டாம்.